இடப்பக்கத்து முன்சில்லு

இரண்டு மாதங்களாக என் கணவர் என்னோடு எங்காவது வரும்போதெல்லாம், காரில் என் பக்கத்தில் இருந்துகொண்டு ரோட்டைப் பார்க்கவில்லை. என் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. வெளிப்படையாகப் பார்த்தால்கூடப் பரவாயில்லை. ஏதோ கீழே விழுந்ததைத் தேடுவது போலக் குனிவார், சீட்டைப் பின்னுக்குத் தள்ளுவார், பிறகு கண்ணை மட்டும் என் செருப்புப் பக்கம் திருப்புவார். கால் பிறேக்கில் இல்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்ப்பார். திரும்பவும் ஐந்து நிமிடத்தில் குனிவார். நான் களவெடுக்கிறேனா என்று பார்க்கிறவர் போல.

எங்கள் வீடு பரந்தனில். நான் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பத்து வருடம் பஸ்ஸில் தொங்கி, நெரிபட்டு, சாறி கிழிந்து போய் வந்த பிறகுதான் அந்தப் பழைய காரை வாங்கினோம். நெளுக்குளத்தில் ஒருவர் வெளிநாடு போகும்போது விற்றது. என் மாணவர்களைவிட அதற்கு வயது கூட. இருந்தாலும் அது எனக்கு ஒரு பெரிய விடுதலையாக இருந்தது. மூன்று வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேறு ஒருவரும் குறிக்கவில்லை.

முதலில் தெரிந்தது பாரம். விசுவமடு தாண்டி நேர் ரோட்டில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், கார் தன்பாட்டில் கொஞ்சத் தூரம் ஓட வேண்டும். அது ஓடவில்லை. சேற்றுக்குள் இறங்கியது போல நின்றுவிடப் பார்த்தது. ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. பெற்றோல் எங்கே போகிறதென்று தெரியவில்லை. பிறகு மணம் வந்தது. செருப்பு எரிகிற மாதிரி ஒரு மணம். என்னோடு தினமும் வருகிற தமிழ் ரீச்சர் இடப்பக்கத்தில் இருப்பா. அவாதான் முதலில் மூக்கைப் பொத்தினா.

அன்று பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தி, நாலு சில்லுக்கும் பக்கத்தில் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன். மூன்று சில்லிலும் சும்மா வெயில் சூடு. முன் இடச்சில்லில் கையைப் பிடிக்க முடியவில்லை, அடுப்பு மாதிரி எறித்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"நீர் பிறேக்கில காலை வைச்சுக்கொண்டு ஓடுறீர்."

"இல்லை."

"தெரியாமல் வைப்பீர். கன பொம்பிளையளுக்கு அந்தப் பழக்கம் இருக்கு."

"காலை வைச்சா நாலு சில்லும் எல்லோ சுடவேணும்? ஏனப்பா ஒண்டு மட்டும் சுடுது?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். இரண்டு மாதம் நான் அதே கேள்வியைக் கேட்டேன்.

கராஜ்காரர் எங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். ஊரில் நல்ல பெயர். நான் காரை ஓட்டிக்கொண்டு போய் இறங்கி, என்னென்ன நடக்கிறது, எந்தச் சில்லு, எவ்வளவு தூரம் ஓடினால் மணக்கிறது என்று ஒன்றொன்றாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"ரீச்சர் இப்பதான் ஓடப் பழகுறாவோ?"

"மூண்டு வருசம் ஓடுறன்," என்றேன் நான்.

"காலைத் தூக்கி வைச்சு ஓடச் சொல்லுங்கோ தம்பி. பாட் எல்லாம் கருகியிருக்கும். மாத்திவிடுறன்."

பாட் என்பது பிறேக் போடும்போது இரண்டு பக்கத்தாலும் இரும்புத் தட்டைப் பிடிக்கிற உராய்வுக் கட்டை. உண்மையில் அது கருகித்தான் இருந்தது. புதிதாக மாற்றினார். அது கருகியதே நான் காலை வைத்ததற்குச் சாட்சி என்று கழற்றின கட்டையை என் கணவரின் கையில் கொடுத்தார். வலப்பக்கத்துக் கட்டை அரைவாசிகூடத் தேயாமல் இருந்தது. அதை நான் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். "இதுக்கும் என்ர ஒரே கால்தானே?" என்றேன்.

"ரோட்டு இடப்பக்கம் சரிவு ரீச்சர். அதால அந்தப் பக்கம் பாரம் கூட," என்றார்.

இப்படி ஒரு பதிலை என்னுடைய மாணவன் பரீட்சையில் எழுதியிருந்தால் சிவப்புப் பேனையால் வெட்டியிருப்பேன். அங்கே என் கணவர் தலையாட்டினார்.

பத்து நாளில் திரும்பவும் மணந்தது. இரண்டாம் தடவை பாட்டைப் பிடிக்கிற கலிப்பரைக் கழற்றி, துப்புரவாக்கி, கிறீஸ் பூசித் தந்தார். இந்த முறை கணவரைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அதுவரை இடைக்கிடை என் காலைப் பார்த்தவர், அடுத்த நாளிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் பார்க்கத் தொடங்கினார்.

அந்தப் பள்ளித் தவணையில் பதினோராம் வகுப்புக்கு அமுக்கம் என்ற பாடம். திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கிற அமுக்கம் எல்லாப் பக்கமும் அப்படியே கடத்தப்படும்; அதற்கு உதாரணம் வாகனத்தின் பிறேக். கால் மிதிக்கும் இடம், ஒயில் போகிற குழாய், சில்லில் பாட்டைத் தள்ளுகிற முசலம், அதாவது பிஸ்டன் என்று நான் வருடாவருடம் கரும்பலகையில் வரைகிற படம் அது. அன்று வரைந்துகொண்டு நின்றபோது வெண்கட்டி என் கையில் உடைந்தது. வருடத்துக்கு முப்பது பிள்ளைகளுக்கு நான் இதைப் படிப்பித்து அனுப்புகிறேன். ஆனால் என் சொந்தக் காரின் பிறேக்கைப் பற்றி நான் வாய் திறந்தால், ஒரு மனிதர் என் புருசனின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்.

இதற்கிடையில் தமிழ் ரீச்சர் பஸ்ஸுக்கு மாறிவிட்டா. "குறை நினையாதேங்கோ, அந்த மணத்துக்கு எனக்குத் தலையிடிக்குது," என்றா. தலையிடி இல்லை, பயம். ஆசிரியர் அறையில் என்ன கதைத்தாவோ தெரியாது, ஒரு நாள் பள்ளிக்கூட அதிபர் என்னிடம் சிரித்துக்கொண்டு, "ரீச்சர், பிறேக்கை அமத்தாமல் வாங்கோ," என்றார். நான் சிரிக்கவில்லை. வரவுப் பதிவில் ஒப்பம் வைத்துவிட்டு வெளியே போனேன்.

மூன்றாம் தடவை கராஜுக்குப் போவோம் என்று நான் சொன்னபோது கணவர், "அதில ஒரு பிழையும் இல்லை எண்டு அந்தாள் ரெண்டு தரம் சொல்லிட்டுது. நீர் ஓட்டத்தை மாத்தும்," என்றார். நான் அன்று சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்துக்கு அவர் எழும்பி முற்றத்துக்குப் போனார். ஆனால் ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் தனியே ஓட்டும்போது நானே என் காலைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். எனக்கே என்னில் சந்தேகம் வந்துவிட்டது. அவர்கள் மீது எனக்கு இருக்கிற கோபத்தில் பெரிய பங்கு அதற்குத்தான்.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். உடையார்கட்டுக்கு இந்தப் பக்கம், இரண்டு பக்கமும் தோட்டம். மணம் வழக்கத்தைவிட மோசம். முன்னால் மாடுகள் ரோட்டைக் கடந்தன. மாடுகளுக்கு நடுவில் வெள்ளைச் சட்டையோடு ஒரு பெண்பிள்ளை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது, வழி கிடைக்கும்வரை. நான் பிறேக்கை மிதித்தேன். கால் பஞ்சில் வைத்தது போலத் தரைவரைக்கும் போயிற்று. ஒன்றும் பிடிக்கவில்லை.

சூட்டில் ஒயில் கொதித்தால் அதற்குள் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், அமுக்கத்தைக் கடத்தாது. இதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான். அந்த நேரத்தில் பாடம் ஒன்றும் நினைவில் வரவில்லை. கியரைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், எஞ்சின் கத்தியது, கைப் பிறேக்கை இழுத்தேன். கார் நின்றபோது கடைசி மாட்டின் வால் பொனற்றில் பட்டு விலகியது. அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்து, என்னைத் தெரிந்தபடியால் "வணக்கம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போயிற்று.

அவள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது பயமில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. தனியே காருக்குள் இருந்துகொண்டு வாய்விட்டு ஏசினேன். ஒரு விஞ்ஞான ரீச்சர் வாயால் வரக்கூடாத சொற்கள் எல்லாம் வந்தன.

காரை ஓரமாக விட்டேன். முன் இடச்சில்லிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கச்சான் கடலைக்குப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றா. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் என்பது பேச்சில் தெரிந்தது.

"என்னாச்சுங்க டீச்சர்?"

"பிறேக் இறுகிப்போச்சு."

"எந்தச் சில்லு?"

இரண்டு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவாதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவா அதைப் பார்க்காதது போல, "தண்ணி ஊத்திடாதீங்க, இரும்பு வெடிச்சிரும். ஆறட்டும்," என்று சொல்லிவிட்டு, தன் லான்ட்மாஸ்டரில் இருந்த தகரப் பெட்டியை எடுத்து வந்தா. வயல் உழுகிற அந்தச் சிறிய இரண்டு சில்லு இயந்திரத்தை அவாவே ஓட்டுகிறா, அவாவே கழற்றிப் பூட்டுகிறா. பெட்டிக்குள் ஸ்பானர்கள் அளவு வாரியாகத் துணியில் சுற்றியிருந்தன.

அரை மணித்தியாலம் ஆற விட்டோம். அந்த நேரத்தில்தான் நான் ஒழுங்காக யோசித்தேன். பின் சில்லுகளுக்கு அவா கல் வைத்தா. நான் சாறித் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஜாக்கை வைத்துக் காரை உயர்த்தினேன். சில்லைக் கழற்றி எடுத்ததும் உள்ளே இருந்த இரும்புத் தட்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஆறியிருந்தபடியால் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றியது. அவாவை உள்ளே ஏறி பிறேக்கை ஒரு தரம் மிதித்துவிட்டுக் காலை எடுக்கச் சொன்னேன். மிதித்தா, எடுத்தா. திரும்பத் தட்டைச் சுற்றினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினேன். அசையவே இல்லை.

"காலை எடுத்திட்டீங்களோ?"

"எடுத்துட்டேங்க. ரெண்டு காலும் வெளியில இருக்கு, பாருங்க."

சுற்றிப் போய்ப் பார்த்தேன்; வலப்பக்கக் கதவுக்கு வெளியே அவாவின் இரண்டு பாதமும் சேற்றோடு தொங்கிக்கொண்டிருந்தன. அந்த இரண்டு பாதங்களையும் ஒரு படம் பிடித்து என் கணவருக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று பிறகு நினைத்தேன்.

இனி இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, கலிப்பருக்குள் முசலம் துருப்பிடித்து இறுகியிருக்க வேண்டும். அல்லது, போன ஒயில் திரும்பி வர வழியில்லாமல் உள்ளே அமுக்கம் அடைபட்டிருக்க வேண்டும். கலிப்பரின் முதுகில் ஒயிலைத் திறந்துவிட ஒரு சின்ன ஆணி உண்டு, நிப்பிள் என்பார்கள். அதைத் திறந்தால் தெரிந்துவிடும். முசலம் இறுகியிருந்தால் திறந்தாலும் தட்டு சுற்றாது. அமுக்கம்தான் காரணமென்றால் சுற்றும்.

"பத்து இருக்கோ?" என்றேன். பத்தாம் நம்பர் ஸ்பானரைத் துணியிலிருந்து உருவித் தந்தா.

கால்வாசிச் சுற்றுத்தான் திறந்தேன். ஒயில் சீறிக்கொண்டு என் சாறியில் அடித்தது. உடனே பூட்டினேன். தட்டில் ஒரு விரலை வைத்துத் தள்ளினேன். அது சுற்றியது. ஒரு சத்தமும் இல்லாமல் இலேசாகச் சுற்றி வந்து நின்றது.

அந்தப் பெண் சிரித்தா. நான் நிலத்தில் இருந்துவிட்டேன். கலிப்பரில் பிழையில்லை. ஒயிலைத் தள்ளுகிற பிரதான பம்பில் பிழையென்றால் மற்றச் சில்லுகளும் பிடித்திருக்கும். மிஞ்சியது அந்த ஒரு சில்லுக்கு மட்டும் போகிற ரப்பர்க் குழாய், ஹோஸ் என்பார்கள். வெளியே பார்த்தால் நல்ல குழாய். உள்ளே வீங்கிவிட்டிருக்கிறது. காலால் மிதிக்கிற பலத்துக்கு ஒயில் உள்ளே போகும். காலை எடுத்தால் திரும்பி வர முடியாமல் அங்கேயே நிற்கும். இவ்வளவுதான். இரண்டு மாத மணம், இரண்டு மாத அவமானம், எல்லாம் ஒரு சாண் ரப்பர்.

சில்லைத் திரும்பப் பூட்டினோம். அவாவிடம் சொல்லிக்கொண்டு, பிறேக்கைத் தொடாமல், கியரையும் கைப் பிறேக்கையும் வைத்துக்கொண்டு மாட்டுவண்டி வேகத்தில் நேரே கராஜுக்குப் போனேன்.

"இடப்பக்க முன் ஹோஸ் உள்ளுக்கை அடைச்சிருக்கு. மாத்துங்கோ," என்றேன்.

கராஜ்காரர் என் சாறியில் இருந்த ஒயிலைப் பார்த்தார். "ரீச்சர், உங்கட பாடத்தை நீங்கள் பள்ளிக்கூடத்தில நடத்துங்கோ. என்ர வேலையை நான் பாக்கிறன்."

அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் ஒரு கதிரையை இழுத்து கராஜ் வாசலுக்கு நடுவில் போட்டு இருந்தேன். "ஹோஸைக் கழட்டும்வரைக்கும் நான் எழும்பமாட்டன். வாகனம் ஒண்டும் உள்ளுக்கு வராது, வெளியிலயும் போகாது."

அவர் என் கணவருக்குப் போன் எடுத்தார். எனக்குச் சொல்லவில்லை, என் கண் முன்னால் என்னைப் பற்றி இன்னொருவரிடம் முறைப்பாடு செய்தார். கணவர் கந்தோரில் வேலையைப் பாதியில் விட்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"எழும்பும். எல்லாரும் பாக்கினம். வீட்ட போய்க் கதைப்பம்."

"இண்டைக்கு ஒரு பிள்ளையைக் காரால அடிக்கப் பாத்தனான்," என்றேன். "பிறேக் இல்லை. உங்களுக்கு விளங்குதோ? மிதிச்சனான், பிறேக் இல்லை. இப்ப நீங்கள் என்ர காலைப் பாக்கப்போறியளோ, இல்லாட்டி இந்த ஹோஸைப் பாக்கப்போறியளோ?"

அவர் முகம் வெளிறிவிட்டது. பிறகு கராஜ்காரரிடம், "அண்ணை, கழட்டுங்கோ," என்றார்.

கழற்றினார்கள். நான் ரயருக்குக் காற்றடிக்கிற குழாயைக் கொண்டுவரச் சொன்னேன். ஹோஸின் ஒரு முனையில் காற்றுக் கொடுத்தபோது மறுமுனையால் சீறி வந்தது. திருப்பிப் பிடித்துக் கொடுத்தபோது ஒன்றும் வரவில்லை. கணவரின் உள்ளங்கையை அந்த முனையில் வைக்கச் சொன்னேன். "காத்து வருதோ?" என்றேன். "இல்லை," என்றார். "வடிவாப் பிடிச்சுப் பாருங்கோ." "இல்லையப்பா, வரேல்லை." பிறகு கத்தியை வாங்கி ஹோஸை நீளத்துக்குப் பிளந்தேன். உள் ரப்பர் ஒரு பக்கம் கழன்று நாக்கு மாதிரி வழியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கராஜ்காரர் அதை வாங்கிப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். "ஓம், பழைய வாகனங்களுக்கு இப்பிடி வாறதுதான்," என்றார். "அடுத்த முறை இதைத்தான் பாக்கோணும் எண்டு நானும் நினைச்சிருந்தனான்." வலப்பக்கத்து ஹோஸையும் ஒயிலையும் சேர்த்து மாற்றி, குழாய்களுக்குள் இருந்த காற்றை எடுத்துத் தந்தார். புறப்படும்போது கார்த் திறப்பை என் கணவரின் கையில் கொடுத்து, "இனிப் பாத்து ஓடச் சொல்லுங்கோ தம்பி," என்றார்.

கணவர் திறப்பை என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன். ஆனால் அந்தக் கராஜ்காரருக்குச் சொல்ல வேண்டியதை அவர் சொல்லவில்லை. மனைவி சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அங்கே அவருக்கு வாய் வரவில்லை. அதை நான் அப்போதும் கவனித்தேன், இப்போதும் மறக்கவில்லை.

மூன்று நாள் நாங்கள் தேவையானதைத் தவிரக் கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்து நிலைக்கதவில் சாய்ந்தார்.

"நான் பிழையா நினைச்சிட்டன்."

"நினைச்சது பரவாயில்லை. ரெண்டு மாசம் குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்கள்."

"ஓம்."

"நான் சொன்னதை விட்டிட்டு ஆரோ ஒராள் சொன்னதை நம்பினீங்கள். அந்தாள் ஒரு தரம் சில்லு சுடுதோ எண்டு தொட்டும் பாக்கேல்லை."

"ஓம்," என்றார் திரும்பவும். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தா நான் உம்மிலதான் பழி போட்டிருப்பன். அதை நினைச்சுத்தான் எனக்கு நித்திரையில்லை," என்றார்.

அது நேர்மையான பேச்சு. கோபம் அதோடு போய்விடவில்லை, ஆனால் மீன் குழம்பை அன்று நான் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் பரிமாறினேன்.

அடுத்த கிழமை வேறொன்று நடந்தது. பள்ளிக்கூட வளவில் நான் வழக்கமாகக் காரை விடுகிற இடம் குளக்கட்டை ஒட்டிய மேடு. இரண்டு மாதமாக அந்தக் கார் நிறுத்தின இடத்தில் ஆணி அடித்தது போல நின்றது. அந்தப் பழக்கத்தில் கைப் பிறேக்கை இழுக்காமல் இறங்கிப் போய்விட்டேன். முதலாம் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது வெளியே கூச்சல். எட்டிப் பார்த்தால், என் கார் ஆளில்லாமல் மெதுவாகச் சரிவில் உருண்டு, விவசாயப் பாடப் பிள்ளைகளின் கத்தரிப் பாத்திக்குள் இறங்கி, வேலியில் முட்டி நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பதினாறு கத்தரிக் கன்று போயிற்று.

முழுப் பள்ளிக்கூடமும் பார்த்தது. அதிபர் வாயைத் திறக்க முதல் நான் சொன்னேன்: "கைப் பிறேக் போடேல்லை சேர். என்ர பிழை." அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். சனிக்கிழமை நானும் கணவரும் போய்க் கன்றுகளைத் திரும்ப நட்டோம். அவர் கன்று வைக்கக் கிடங்கு கிண்டினார், நான் பாத்தி கொத்தினேன். என் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் மண்வெட்டி என் கையில்தான் இருந்தது.

தமிழ் ரீச்சர் திரும்ப என்னோடு வருகிறா. கச்சான் தோட்டத்துப் பெண்ணுக்கு நான் வழியில் ஹோர்ன் அடிப்பேன், அவா மண்வெட்டியைத் தூக்கிக் காட்டுவா. கார் வேலைக்கு இப்போது கிளிநொச்சியில் வேறொருவரிடம் போகிறேன். அவரும் முதல் நாள் என் கணவரைப் பார்த்துத்தான் கதைத்தார். என் கணவர், "எனக்குத் தெரியாது, அவவைக் கேளுங்கோ," என்று சொல்லிவிட்டு தேத்தண்ணிக் கடைக்குப் போனார்.

பழைய கராஜ் பள்ளிக்கூடம் போகிற வழியில்தான் இருக்கிறது. அந்த மனிதர் காலையில் வாசலைக் கூட்டிக்கொண்டு நின்றால் என் காரைக் கண்டு கையைத் தூக்குவார். ஒரு வருடமாகத் தூக்குகிறார். நான் இன்னும் தூக்கவில்லை.